லூயிசாவின் எருக்குழி

மாரிகுப்பம்,
1901 ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை லூயிசா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் கர்த்தர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அவருக்கு மட்டும் ஷிப்டு முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும் அரை மணி நேரம் இருமல். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை, தூசு போகாமல் என்ன செய்யும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணியும் பிள்ளைகளும் சுகமா?

நீங்கள் ஈஸ்டருக்கு அனுப்பிய பீன்ஸ் விதையைப் போட்டேன். முளைத்தது, ஒரு சாண் வளர்ந்தது, மஞ்சளாகிச் செத்துப்போனது. இந்த ஊர் மண் மண்ணே இல்லை அண்ணா. தங்கம் தோண்டுகிற இடத்தில் மண்ணை யார் மதிக்கிறார்கள்? உடைத்த கல்லும் ஆலையில் அரைத்த சாம்பல் மணலும்தான் எங்கும். ஆனால் மண்ணை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மா ஒரு நாள் வந்து, "இன்னா செடி அக்கா இது, நம்ம பக்கம் பாத்ததே இல்லியே" என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளே இலை சுருண்டது. அவள் வீட்டுக்காரன் ராஜப்பா ஆலையில் வேலை. இரண்டு பேரும் யாரோடும் ஒட்டமாட்டார்கள். நாலு வருடமாக ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவள்; இன்றுவரை ஒரு கரண்டி குழம்பு கைமாறியதில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் பிள்ளைகள் தலையில் பூசணியும் வாழைத்தாரும் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்புகிறார்கள். நான் வருஷா வருஷம் வெறும் கையோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன். இந்த வருஷமாவது ஒரு கூடை பீன்ஸ் கொண்டுபோய் வைக்க வேண்டும். மிஷன் பங்களாத் தோட்டத்தில் நீங்கள் என்ன எரு போடுகிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். இங்கே எருவுக்கு வழியே இல்லை. சுகாதாரம் என்று சொல்லிக் கம்பெனி வண்டி தினம் வந்து எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் குப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

இப்படிக்கு,
லூயிசா


ராணிப்பேட்டை,
1901 ஜூன் 20

கர்த்தருக்குள் பிரியமான தங்கை லூயிசாவுக்கு அண்ணன் ஏசுபாதத்தின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. என் முதுகு அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். உன் அண்ணிக்குப் போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவதாகப் பெண் பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். மாப்பிள்ளையின் இருமலுக்கு ஆடாதொடை இலை இத்துடன் வருகிறது.

ஜெயம்மாவின் கண்ணுக்கு அத்தனை சக்தி இருந்தால் அவளை இங்கே அனுப்பிவை. தோட்டம் முழுக்கக் கோரைப்புல் மண்டிக் கிடக்கிறது, ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எரு செய்ய இப்படிச் செய். வீட்டுக்குப் பின்னால் மூன்று முழ நீளம், இரண்டு முழ அகலம், இடுப்பளவு ஆழத்தில் குழி வெட்டு. அடியில் காற்றுப் போக சுள்ளி. அதன்மேல் ஒரு சாண் காய்ந்த சருகு. அதன்மேல் சாணி கரைத்துத் தெளி. மாடு இல்லையென்றால் குதிரை லத்தியும் ஆகும். பிறகு காய்த்தோல், கீரைத்தண்டு, அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி, மேலே மெல்லிசாக மண். குழி நிறையும்வரை இதே வரிசைதான். ஈரம் பிழிந்த துணி மாதிரி இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சாக்குப் போட்டு மூடு. நடுவில் ஒரு குச்சி செருகி வை. நாலு நாள் கழித்து உருவித் தொட்டால் கை சுட வேண்டும். சுட்டால் குழி வேலை செய்கிறது என்று அர்த்தம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மேலே இருப்பதைக் கீழே தள்ளிப் புரட்டு. மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாகி, காட்டு மண் வாசனை வரும். அதற்கு முன் ஆசைப்பட்டு எடுக்காதே. வேகாத எரு வேரைச் சுட்டுவிடும். வெந்த எருவும் அளவாகத்தான். பீன்ஸுக்குத் தீனி அதிகமானால் இலையாகத் தழைத்துக்கொண்டு காய்க்காமல் நிற்கும்.

உனக்காக தினமும் ஜெபிக்கிறேன்.
ஏசுபாதம்


மாரிகுப்பம்,
1901 ஜூலை 28

அண்ணனுக்கு லூயிசா வணக்கமாய் எழுதிக்கொள்வது. இங்கே குளிரும் காற்றும். மாப்பிள்ளைக்கு ஆடாதொடை கேட்கிறது. உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் கேட்கும்.

குழி வெட்டியாகிவிட்டது. வெட்டுவதற்குள் கடப்பாரை முனை மழுங்கிவிட்டது. துரை வீட்டுக் குதிரைக்காரனிடம் கேட்டு லத்தி, ஸ்டேஷன் பக்கத்துப் புங்கமரத்தடிச் சருகு, எல்லாம் நீங்கள் சொன்ன வரிசையில். பின்கட்டில் மண் அடுக்கு என்று நினைத்துக் கம்பெனி வண்டிக்காரன் தொடாமல் போகிறான். ஐந்தாம் நாள் குச்சியை உருவினேன், கை சுட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர், "குப்பை சூடாகிறதுக்கு இவ்வளவு சந்தோஷமா" என்று படுத்துக்கொண்டார்.

இப்போது என் கவலையைக் கேளுங்கள். யாரோ குழியைத் தொடுகிறார்கள். நான் சாக்கை மடித்து நாலு மூலையிலும் கல் வைக்கிறேன். மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் ஒரு மூலைக் கல் இடம் மாறியிருக்கிறது. மற்ற நாளெல்லாம் வைத்தது வைத்தபடி. நாயாக இருந்தால் அதற்குக் கிழமை தெரியுமா? எருவைத் திருட யாருக்குத் தேவை? லைனில் என்னைத் தவிர செடி வைத்தவர் இல்லை.

ஜெயம்மா ஒரு மாதமாகக் குழாயடிக்கு வருவதில்லை. ராஜப்பாதான் தண்ணீர் எடுக்கிறான். ஆண்பிள்ளை குடம் தூக்குகிற வீட்டில் ஏதோ இருக்கிறது. அவள் வெளியே வந்தாலும் புடவையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குனிந்தபடி போகிறாள். ராஜப்பா வேலை செய்கிற ஆலையில்தான் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பாதரசத் தகட்டில் ஒட்டவைத்துச் சுரண்டி எடுக்கிறார்கள். வேலை விட்டு வரும்போது வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கிறார்கள். அப்படியும் திருடு போகிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

லூயிசா


ராணிப்பேட்டை,
1901 ஆகஸ்ட் 8

என் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். சின்னக் குட்டி இரவெல்லாம் விழித்திருக்கிறாள், அவளால் நாங்களும் விழித்திருக்கிறோம். வருகிற மாதம் ஞானஸ்நானம். நீயும் மாப்பிள்ளையும் வர முடியுமா?

ஆறு வயதில் உன் கொய்யாப்பழத்தைக் காணோம் என்று நீ பாதிரியார் வீட்டுப் பூனைமேல் சந்தேகப்பட்டாய். பூனை பழம் தின்னாது என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்கவில்லை. பழத்தைத் தின்றது நான். அதனால் ஜெயம்மாவை விட்டுவிட்டு முதலில் பெருச்சாளியைச் சந்தேகப்படு. தீராவிட்டால் வியாழக்கிழமை இரவு குழியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வை. வந்தது எதுவாக இருந்தாலும் கால் பதியும்.

எருவைப் புரட்ட மறக்காதே.
ஏசுபாதம்


மாரிகுப்பம்,
1901 ஆகஸ்ட் 25

அண்ணனுக்கு லூயிசா. இருவரும் இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் தூவினேன். பதிந்தது பெருச்சாளி இல்லை. பெண்பிள்ளைக் கால், மெட்டி போட்ட விரல். அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் ஜன்னல் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயம்மா வந்தாள். கிழக்கே பார்த்து நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சாக்கை விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு எதையோ புதைத்தாள். கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்து போனாள். அன்று பகலில் குச்சியால் கிளறினேன். ஒரு மஞ்சள் துணி முடிச்சு தட்டுப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. அவிழ்க்கவில்லை. தொட்டால் என் கையும் அதில் கூட்டு அல்லவா? அப்படியே மண்ணைத் தள்ளி மூடினேன்.

புதுச் சட்டம் உங்களுக்குத் தெரியாது. தங்கமோ, தங்கக் கல்லோ, பாதரசம் கலந்த மாவோ யார் இடத்தில் அகப்படுகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வைத்தாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். குழி என்னுடையது. வீடு மாப்பிள்ளை பெயரில் இருக்கிறது. பிடிபட்டால் அவருக்குச் சிறை. எனக்கு இந்த ஊரில் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் ராஜப்பாவைப் போய்க் கேட்பார், அடிதடி ஆகும்.

என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

லூயிசா


மாரிகுப்பம்,
1901 செப்டம்பர் 5

அண்ணனுக்கு. சுகம். நீங்கள் சுகமா என்று தெரியவில்லை, பதிலே இல்லை.

நேற்று கம்பெனிக் காவல்படையின் வாச்சு ஜமேதார் லைனில் நின்று தமுக்கடித்துச் சொன்னார். ஆலையில் சுரண்டிய மாவு காணாமல் போயிருக்கிறதாம். எல்லா லைனும் சோதனை போடுவார்களாம். முன்கூட்டி வந்து சொன்னவர் பேரில் குற்றம் இல்லையாம். காலையில் பனிக்குள் என் குழியிலிருந்து ஆவி எழும்பியது, அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயம்மா எதிரில் வந்தாள். "இன்னாக்கா, மூஞ்சி வாடிக்கீது, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். நாலு வருஷத்தில் கேட்காதவள் இப்போது ஏன் கேட்கிறாள்?

தபால்காரனை மூன்று நாள் பார்ப்பேன்.

லூயிசா


ராணிப்பேட்டை,
1901 செப்டம்பர் 9

அன்புத் தங்கைக்கு. பாதிரியாரோடு கிராமங்களுக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இன்று மதியம்தான் வந்தேன். உன் இரண்டு கடிதமும் மேஜைமேல் இருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பது பிறகு.

வாச்சு ஆளிடம் போகாதே. மஞ்சள் துணி, வெள்ளிக்கிழமை, போர்த்திய புடவை, இடுப்பில் கை. லூயிசா, அவள் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் செத்திருக்கின்றனவா என்று விசாரித்துப் பார். பிறந்து பிறந்து சாகிற வீட்டில், வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் குப்பைக்கு என்று நேர்ந்துகொள்வார்கள். வாரம் தவறாமல் மஞ்சளும் தவிடும் முடிந்து குப்பையில் வைப்பார்கள். பிறந்ததும் பிள்ளையை அதே குப்பையில் கிடத்துவார்கள். குப்பைக்குச் சொந்தக்காரி எடுத்து, ஒரு பிடி தவிட்டுக்குத் தாய்க்கே விற்பாள். யாருக்கும் வேண்டாமல் குப்பையில் கிடந்தது, தவிட்டுக்குப் போனது, இதைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று சாவு விட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிப் பிழைத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர். உனக்குத் தெரியாது, நம் அப்பாவே ஞானஸ்நானத்துக்கு முன் குப்பன்தான்.

உங்கள் லைனில் தினம் குப்பையை அள்ளிவிடுகிறார்கள் என்று நீதானே எழுதினாய். உன் குழியை விட்டால் அவளுக்கு வேறு குப்பை ஏது? பெருச்சாளி என்று விளையாட்டாக எழுதியது என் தப்பு. நேராகப் போய் அவளிடமே கேள்.

ஏசுபாதம்


மாரிகுப்பம்,
1901 செப்டம்பர் 15

அண்ணனுக்கு லூயிசா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பில் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே வாச்சுக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜமேதாரும் இரண்டு ஆளும். சாக்கைத் தூக்கி எறிந்து, இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். பிறகு மண்வெட்டியால் மொத்தத்தையும் வெளியே வாரிக் கொட்டினார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் வெந்திருக்க வேண்டிய எரு, பின்கட்டு முழுக்கச் சிதறியது. ஒன்பது முடிச்சு கிடைத்தது. ஜமேதார் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு துண்டு மஞ்சள், ஒரு பிடி தவிடு. ஒன்பதிலும் அதேதான். மஞ்சளைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார்.

ராஜப்பாவை ஆலையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவன் கைகட்டி நின்று, "மஞ்சதாங்க சாமி, வேற ஒண்ணுமில்ல. ஊர்ல இருந்தப்போ மூணு கொழந்த போய்ட்ச்சிங்க, அதுக்கோசரம் பொம்பள நேந்துகினா" என்று சொன்னான். ஜமேதார், "இன்னிக்கு மஞ்ச பொதச்சவ நாளைக்கு இன்னா பொதப்பா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை விலகியிருந்தது. ஏழாம் மாதம் இருக்கும். எனக்கு அதுவரை தெரியாது அண்ணா. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவள், எனக்குத் தெரியாது.

தங்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் சந்தேகப்பட்ட ஆள் ஆலையில் வேண்டாம் என்று ராஜப்பாவின் பெயரை அடித்துவிட்டார்கள். மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு அப்பால், கம்பெனி எல்லை தாண்டி ஒரு குடிசை போட்டிருக்கிறார்கள். இந்த நிலைமையில் அவளால் ஊருக்குப் பிரயாணம் போக முடியாது. குழியை மண் போட்டு மூட உத்தரவு, மூடிவிட்டேன்.

லூயிசா


ராணிப்பேட்டை,
1901 செப்டம்பர் 24

தங்கைக்கு. நாங்கள் சுகம். குட்டிக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. நீ ஒரு கடிதத்திலும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்காக எட்டு வருடம் காத்திருக்கிறவளிடம் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மனசு இருக்கிறபோது கேள்.

"யாரோ சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து உன்னை அறிவேன். நீ எப்போதும் பெயரோடுதான் சந்தேகப்படுவாய். பூனை, பால்காரன், குதிரைக்காரன், ஜெயம்மா. உன் வாயில் "யாரோ" என்று ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை.

யார் சொன்னது, லூயிசா?

ஏசுபாதம்


மாரிகுப்பம்,
1901 அக்டோபர் 30

அண்ணனுக்கு லூயிசா. சுகம். மழை நின்றுவிட்டது.

சிதறிய எருவைக் கூட்டி வாரி, சல்லடையில் சலித்து, வெந்ததை மட்டும் ஒரு பாத்தியில் கலந்தேன். நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் போடவில்லை. மீதி விதையைப் போட்டு முப்பத்தைந்து நாள் ஆகிறது. முழங்கால் உயரம். இலை கரும்பச்சை. பூ விட்டிருக்கிறது, வெள்ளைப் பூ. அறுப்பின் பண்டிகைக்குக் காய் வந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு இருமல் குறைந்திருக்கிறது.

லூயிசா


ராணிப்பேட்டை,
1901 நவம்பர் 11

தங்கைக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் போட்டு, அதில் பீன்ஸைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பக் கேட்க மாட்டேன். நீ மாப்பிள்ளையைக் காப்பாற்றத்தான் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். அவளிடம் போ. என்ன சொல்வது என்று யோசிக்காமல் போ. அரிசியாவது கொண்டுபோய்க் கொடு.

அவளுக்காகவும் வயிற்றுப் பிள்ளைக்காகவும் தினமும் ஜெபத்தில் பெயர் சொல்கிறேன்.

ஏசுபாதம்


மாரிகுப்பம்,
1901 டிசம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு உங்கள் லூயிசா. எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

நான் போகவில்லை. இரண்டு தடவை ஸ்டேஷன் வரை அரிசி முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அண்ணா, ஜமேதாரிடம் சொன்னது நான்தான். மூன்று நாள் தபாலைப் பார்த்தேன், நாலாம் நாள் போனேன். அவர் கேட்காததைக்கூடச் சொன்னேன். மெட்டிக்காலைச் சொன்னேன், முணுமுணுத்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத் தைரியமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

நேற்றுக் காலையில் ஜெயம்மாவே வந்தாள். கையில் பதினெட்டு நாள் பிள்ளை. முறத்தில் கொஞ்சம் தவிடு. வாசலில் நின்று, "அக்கா, நாளைக்கு ரயிலுக்கு ஊருக்குப் போறோம். குழிய மூடிட்டீங்கன்னு தெரியும். அந்த எருவு எங்க கீது?" என்று கேட்டாள்.

"பீன்ஸ் பாத்தியில போட்டுட்டேன்."

"அப்ப அங்கியே கிடத்துறேன். நீங்க எடுத்து விலை சொல்லுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "ஜெயம்மா, ஜமேதார்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு எங்கிட்ட வந்தே? வேற குப்பையே இல்லியா உனக்கு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். "குப்பை எல்லா எடத்துலயும் கீது. குப்பைக்காரி வோணும் இல்ல? மூணு தபாவும் எங்க ஜனத்துலதான் குடுத்தேன். அதுங்க ஆசையா வாங்கி, முத்தம் குடுத்து, அழுதுகினே திருப்பிக் குடுத்துச்சுங்க. சாவுக்குத் தெரிஞ்சிபோச்சு, வந்து எடுத்துகினு போய்ட்ச்சி. உங்க கையில குடுத்தா நம்பும். நாங்க கெட்டா கெடட்டும்னு நெனச்ச கை இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு."

பாத்திக்குக் கூட்டிப் போனேன். நாலு செடியைப் பிடுங்கி இடம் செய்தேன். காய் நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது. பண்டிகைக்கு ஒரு கூடை கொண்டுபோய் வைத்தேன், பாதிரியார் புகழ்ந்து பேசினார், அது இப்போது என்ன முக்கியம். அவள் பிள்ளையை வெறும் உடம்பாக அந்தக் கறுப்பு மண்ணில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பத்தடி தள்ளிப்போய் நின்றாள். நான் குனிந்து எடுத்தேன். தலையில் எருத்தூள் ஒட்டியிருந்தது. அழவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டது.

அவள் முறத்தை நீட்டி, "இது யார் பிள்ளை?" என்றாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே சொல்லித் தந்திருந்தாள். நான் சொன்னேன். "யார் பிள்ளையோ. என் குப்பையில கிடந்துச்சு. எனக்கு வேணாம். ஒரு பிடி தவிடு குடுத்துட்டு எடுத்துகினு போ."

எனக்கு வேணாம் என்ற வார்த்தை சுலபமாக வரும் என்று அவள் நம்பினாள். வரவில்லை அண்ணா. பிள்ளையைக் கையில் எடுத்த அந்த நிமிஷமே எனக்கு ஆசை வந்துவிட்டது. எட்டு வருஷத்து ஆசை. திருப்பிக் கொடுக்காமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. என் முகத்தை ஜெயம்மா பார்த்துவிடக் கூடாது, வேறு எதுவும் பார்த்துவிடக் கூடாது என்று செடிப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் விலையைச் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அவள் தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நல்லா சொன்னீங்கக்கா" என்றாள். போய்விட்டாள்.

பெண் பிள்ளை. குப்பம்மாள் என்று பெயர்.

இன்று கோயிலில் முழங்கால் போட்டு எல்லாரையும் பெயர் சொல்லி ஜெபித்தேன். அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீங்களும் இனிமேல் ஜெபத்தில் அவளைச் சொல்ல வேண்டாம் அண்ணா. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மனசுக்குள்கூடச் சொல்ல வேண்டாம். யாருக்கும் வேண்டாத பிள்ளையாகவே அவள் இருக்கட்டும்.

லூயிசா